விரல் ரேகை தர மறுத்த ஊர்

1930 ஏப்ரல் மாதத்தில் கோலார் தங்க வயல் இருபத்தொரு நாட்கள் வேலைநிறுத்தத்தில் நின்றது. கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய போராட்டமன்று அது. சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிவு செய்து, விரல் ரேகை எடுத்து வைத்துக்கொள்ள நிர்வாகம் முடிவெடுத்தது. அதை ஏற்க மறுத்தே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்காமல் நின்றனர். அன்று அவர்களுக்கு முறையான தொழிற்சங்கம் இல்லை. பேர்சொல்லும் தலைவரும் இல்லை. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழ், தெலுங்கு உழைப்பாளிகள் அவர்கள். லைன் வீடுகளின் தகர, தட்டிக் கூரைகளுக்குக் கீழே பேசி முடிவெடுத்து நடத்திய போராட்டம் அது.

விரல் ரேகை என்றால் என்னவென்று அந்த மக்களுக்கு நன்றாகத் தெரியும். வங்காளத்தின் ஹூக்ளியில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் பின்வாங்காமலிருக்கக் கைப்பதிவு வாங்கத் தொடங்கினார். உலகின் முதல் விரல் ரேகைப் பணியகங்களுள் ஒன்று 1897-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. அடிமை நாட்டில் பரிசோதித்த பிறகே அந்த உத்தி லண்டன் போலீசாரைச் சென்றடைந்தது. தண்டனை பெற்றவர்களிடமும் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடமும் எடுக்கப்படுவது ரேகை. அதை உழைத்துச் சாப்பிடுகிறவனிடம் கேட்பதன் பொருள் என்னவென்பதை விளக்க, தங்க வயல் தொழிலாளிக்கு எந்தப் பட்டப் படிப்பும் தேவைப்படவில்லை.

இதற்கு முன்பே இன்னொரு தங்க ஊரில் இதே சண்டை நடந்திருந்தது. டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் அனைவரும் ரேகை பதித்துப் பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டுமென்று அரசு கட்டளையிட்டபோது, 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி வளாகத்தில் அந்தச் சான்றுகள் கொப்பரையில் இட்டுக் கொளுத்தப்பட்டன. காந்தியின் பெயரால் அறியப்படும் அந்தப் போராட்டத்தில் தம்பி நாயுடு உள்ளிட்ட தமிழர்கள் மீண்டும் மீண்டும் சிறை சென்றார்கள். ஒரே நூற்றாண்டின் தொடக்கத்தில், இரு கண்டங்களில், தங்கத்தின் நிழலில் வாழ்ந்த தமிழ் உழைப்பாளர் ஒரே கேள்வியை எழுப்பினர். என் உடலின் அடையாளத்தை எடுத்து வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்பதே அந்தக் கேள்வி.

இன்று அதே தங்க வயலில் ரேகை கொடுக்காமல் ஒரு மாதத்தைக் கடக்க முடியாது. நியாயவிலைக் கடையில் அரிசிக்கு ரேகை, வங்கியில் ரேகை, கைபேசி இணைப்புக்கு ரேகை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வீதிக்கு வந்த தொழிலாளர்களில் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்கள். ஓய்வூதியம் தொடர வேண்டுமானால், 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் திட்டத்தின்படி, தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதையே இயந்திரத்தின் முன் மெய்ப்பிக்கும்படி கேட்கப்படுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் துளைபோடும் எந்திரத்தைப் பிடித்த கை, சிமெண்டு குழைத்த கை, பாத்திரம் தேய்த்த கை ஆகியவற்றில் ரேகை தேய்ந்திருக்கும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே அளித்த விளக்கத்தின்படி, அரசு சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பின் வெற்றி விகிதம் 88 விழுக்காடுதான். மிச்சம் 12 விழுக்காடு என்பது ஆட்சியாளர்களின் அட்டவணையில் ஒரு சிறு எண். வரிசையில் நிற்பவருக்கு அது அன்றைய உலை. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி இறந்தபோது, ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் அட்டை செல்லாமற்போய்ப் பல மாதங்களாக அரிசி கிடைக்கவில்லை என்று தாய் சொன்னார். மலேரியா என்றது அரசு.

1930-இல் மறுத்த ஊர் இன்று ஏன் மறுக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அன்று கம்பெனிக்கு அவர்களுடைய உழைப்பு தேவைப்பட்டது. சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்று சொன்னால் லண்டனில் பங்குதாரருக்கு நட்டம் வந்தது. இன்று அரிசி வேண்டாம், மருந்து வேண்டாம் என்று அந்தத் தொழிலாளியின் மகள் சொன்னால் நட்டப்படுவது அவள் மட்டுமே. 'ஒப்புதல்' என்ற சொல்லைத் தரவுச் சட்டங்களும் செயலிகளும் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினாலும், பசிக்கும் நோய்க்கும் நடுவே நிற்கிறவரிடம் வாங்கும் ஒப்புதலை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

நோயின் பக்கம் வருவோம். தங்க வயலில் இது நேற்றுப் பிறந்த விவகாரமன்று. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோயை இந்தியாவில் முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்து எழுதியது இங்கேதான். 1940-களில் சுரங்க மருத்துவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. 1947-இல் அது ஆய்வாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1940-இல் மைசூர் அரசு சிலிகோசிசை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்றிருந்தது. ஆகவே மார்புப் படம் என்பது வெறும் மருத்துவச் சான்றாக இருக்கவில்லை. வேலை நீடிக்குமா, இழப்பீடு கிடைக்குமா என்பதையெல்லாம் அதுவே தீர்மானித்தது. படத்தை எடுத்தது கம்பெனி மருத்துவமனை. படித்தது கம்பெனி மருத்துவர். வைத்துக்கொண்டது கம்பெனி அலமாரி. தன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்ற செய்தி, அந்த நெஞ்சுக்குரியவனை விட முதலாளிக்கு முன்னதாகத் தெரிந்தது. கணினி வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே மருத்துவத் தரவின் அறக்கேள்வி முழுவதும் அந்த அலமாரிக்குள் இருந்தது.

அலமாரி இப்போது பெரிதாகியிருக்கிறது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 'ஆபா' என்ற 14 இலக்க எண்ணைத் தருகிறது. பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, சிகிச்சைக் குறிப்பு எல்லாம் இந்த எண்ணின் கீழ் இணைக்கப்படும். நோயாளி அனுமதித்தால் எந்த மருத்துவமனையும் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. விருப்பமுள்ளோர் மட்டும் சேரலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கோவிட் தடுப்பூசிக்கு ஆதார் எண்ணைக் காட்டிப் பதிவு செய்த பலர், தங்களுக்கு இப்படியோர் எண் உருவாக்கப்பட்டிருப்பதைத் தடுப்பூசிச் சான்றிதழில் பார்த்துத்தான் அறிந்துகொண்டார்கள். 2025 தொடக்கத்திலேயே இந்த எண்கள் 70 கோடியைத் தாண்டிவிட்டன. அந்த 70 கோடிப் பேரில் எத்தனை பேருக்கு அது எதற்கென்று யாராவது எடுத்துச் சொன்னார்கள்?

எந்த மொழியில் சொன்னார்கள் என்பது அடுத்த கேள்வி. 2021 மே 1 முதல் 18 முதல் 44 வயது வரையிலானோர் தடுப்பூசி பெற கோவின் தளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்தது. கைபேசியில் விரைந்து தட்டத் தெரிந்தவருக்கு ஊசி, தெரியாதவருக்குக் காத்திருப்பு என்றானது. கிராமத்து மக்கள் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்க நேர்ந்தது. ஜூன் மாதத்தில் அந்தத் தளம் இந்திய மொழிகளில் திறக்கப்பட்டபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. தமிழ் பேசி, கன்னட நிர்வாகத்தின் கீழ், ஆங்கிலச் செயலிகளுடன் மல்லுக்கட்டும் தங்க வயல் மக்களுக்கு இது மும்மடங்கு சுமை.

இப்படித் திரட்டிய தரவு பாதுகாப்பாக இருக்கிறதா? 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கினர். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை இரண்டு வாரங்களுக்கு மேல் காகிதத்தையும் பேனாவையும் வைத்துச் சமாளித்தது. 2023 ஜூனில் டெலிகிராமில் கைபேசி எண்ணைத் தட்டினால் தடுப்பூசி போட்டவரின் பெயரும் அடையாள அட்டை விவரமும் வந்து விழுந்தன. தரவுத்தளத்தில் யாரும் நேரடியாக நுழையவில்லை என்று விளக்கமளித்தது ஒன்றிய அரசு. வீட்டுப் பொருள் தெருவில் கிடக்கிறது, ஆனால் பூட்டு உடையவில்லை என்று சொல்வது போன்ற விளக்கம்.

கசிவைவிட ஆபத்தானது, கசியாமலே நடக்கும் விற்பனை. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை ஓர் அத்தியாயம் முழுவதும் மக்களின் தரவைப் பற்றிப் பேசியது. தலைப்பில் 'மக்களால், மக்களுக்காக' என்ற சொற்கள் உண்டு. உள்ளே, தேர்ந்தெடுத்த தரவுத் தொகுப்புகளை வணிகப் பயன்பாட்டுக்குத் தனியாருக்குக் கட்டணம் பெற்றுத் தரலாம் என்ற யோசனையும் உண்டு. நிலம், நீர், கனிமம் என்று வரிசையாகத் தனியாரிடம் ஒப்படைத்த அதே கை, அடுத்தபடியாக நோயாளியின் நோயை எடுத்து நீட்டுகிறது. காப்பீட்டுக் கம்பெனிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் இதைவிட வளமான சுரங்கம் கிடையாது. இங்கே வெட்டியெடுக்கக் கூலியும் தர வேண்டியதில்லை. இது இந்தியாவோடு நிற்கவுமில்லை. உளவு அமைப்புகளுக்கும் ராணுவத்துக்கும் மென்பொருள் செய்து வளர்ந்த அமெரிக்காவின் பாலன்டிர் நிறுவனத்துக்கு, 2023 நவம்பரில் பிரிட்டனின் பொது மருத்துவ சேவை தன் தரவுத்தளப் பணியை 33 கோடி பவுண்டுக்கு ஒப்படைத்தது. அங்குள்ள மருத்துவர் சங்கம் அதை எதிர்த்துவருகிறது.

சட்டம் காப்பாற்றும் என்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த வழக்கு, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமியின் பெயரில் உள்ளது. மறு ஆண்டே, 2018 செப்டம்பர் 26 அன்று, ஆதார் வழக்கில் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோருவதைத் தடுத்தது. அரசின் மானியத்துக்கும் நலத்திட்டத்துக்கும் அதைக் கட்டாயமாக்குவதை ஏற்றது. நடைமுறையில் இதன் பொருள் எளிது. வசதியுள்ளவரின் அந்தரங்கத்துக்குக் கதவு கிடைத்தது. ரேஷன் அட்டைக்காரரின் அந்தரங்கம் அரிசிக்கு ஈடாக அடகு வைக்கப்பட்டது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். தனியாருக்கு அடைத்த கதவும் நிலைக்கவில்லை: 2019 சட்டத் திருத்தமும் 2025 ஜனவரி விதித் திருத்தமும் அதை மீண்டும் திறந்துவிட்டன. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விரிந்த விலக்கு அளித்திருக்கிறது. போதாக்குறைக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவை நறுக்கி, தனிநபர் தகவல் என்று சொல்லியே அதிகாரிகள் எதையும் மறைக்க வழி செய்திருக்கிறது. மக்களை அரசு கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும். அரசை மக்கள் பார்க்க முயன்றால் திரை விழும்.

இந்தத் தரவை எல்லாம் சேகரிப்பவர் யார் என்பது பற்றிப் பேசுவோர் குறைவு. வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும்தான். ஊக்கத்தொகை வேலையைப் பொறுத்தன்று, போர்ட்டலில் ஏறிய பதிவைப் பொறுத்தே வருகிறது என்பது கர்நாடக ஆஷா ஊழியரின் நெடுநாள் குறை. செய்த வேலை பதிவேறாவிட்டால் செய்யாத வேலை. 2025 ஜனவரியில் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் கொட்டும் பனியில் அவர்கள் இரவு பகலாக அமர்ந்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் உண்டு. அங்கன்வாடியில் 2025 ஜூலை முதல், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு தர முகத்தைப் படம்பிடித்துப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. சமிக்ஞை இல்லாத இடத்தில், மலிவுக் கைபேசியில், முகம் பொருந்தாவிட்டால் வசவு வாங்குவது ஊழியர். மாவின்றித் திரும்புவது தாய். பெங்களூரின் தகவல் தொழில்நுட்பத் துறையும் தங்க வயலுக்கு அந்நியமன்று. சுரங்கம் மூடிய பிறகு, மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் செல்கிறார்கள். அவர்களில் பலர் அந்தக் கண்ணாடி மாளிகைகளின் வாயிலில் காவல் நிற்கிறார்கள், தரை துடைக்கிறார்கள், சிலர் தரவு உள்ளிடுகிறார்கள்.

எண்ணிக்கை செய்யும் அல்காரிதம் நடுநிலையானது என்ற நம்பிக்கை கற்றவர்களிடையே கூட வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான நோயாளிகளுக்குப் பயன்பட்ட ஒரு கணிப்புமுறையை 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அம்பலப்படுத்தியது. யாருக்குக் கூடுதல் சிகிச்சை தேவை என்பதை, அவருக்கு இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை வைத்து அது கணித்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்படுவது குறைவு. ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்களாக அதன் கணக்கில் தெரிந்தார்கள். இந்தியாவில் அந்த இடத்தில் யார் இருப்பார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. சிலிகோசிஸ் நோயாளிகள் காசநோயாளிகளாகப் பதியப்படுவது இந்த நாட்டின் பழைய வழக்கம். காசநோய் என்றால் இழப்பீடு இல்லை, முதலாளியின் பொறுப்பும் இல்லை. காசில்லாததால் மருத்துவமனைக்கே போகாத முன்னாள் சுரங்கத் தொழிலாளி கணினியின் பார்வையில் நோயற்றவர். தவறாகப் பதிந்த பதிவேட்டைக் கணினியில் ஏற்றினால் தவறு மறையாது. வேகமும் அதிகாரமும் பெறும்.

இதைச் சொல்லும்போது இடதுசாரிகள் தங்கள் கணக்கையும் நேராக வைத்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் கேரள இடது முன்னணி அரசு, கோவிட் விவரங்களைக் கையாள ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தை அமர்த்தியது. பெருந்தொற்றின் அவசரம் உண்மை. நோக்கமும் மக்களைக் காப்பதே. ஆயினும் மக்களின் ஒப்புதலின்றி அவர்களது மருத்துவ விவரம் வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போகலாமா என்ற கேள்வி கூட்டணிக்குள்ளிருந்தே எழுந்தது. அடையாளம் நீக்கிய பிறகே விவரங்களைத் தரவேண்டும், ஒப்புதல் பெறவேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று கட்டளையிட்டது. பின்னர் அந்தப் பணி அரசு நிறுவனத்திடமே வந்தது. அவசரகாலத்தில் நல்லாட்சியும் இடறும் என்பதற்கு இது சான்று; எதிரி செய்தால் மட்டும் தவறு என்ற நிலைப்பாடு மக்களிடம் செல்லாது.

கணினியை உடைப்பதும் வழியன்று. ராஜஸ்தானில் சுரங்க, கல்குவாரித் தொழிலாளர் அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019 அக்டோபரில் சிலிகோசிஸ் கொள்கை அறிவிக்கப்பட்டது: நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதைத் தொழிலாளியும் சங்கமும் கணினியில் பார்க்க முடிகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே தொடங்கிய ஜன் சூசனா தளம், அரசு யாருக்கு எதைக் கொடுத்தது என்பதை மக்கள் முன் வைத்தது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் பார்வையின் திசை மாறியிருக்கிறது: அதிகாரி தொழிலாளியைப் பார்ப்பதற்குப் பதிலாக, தொழிலாளி அதிகாரியைப் பார்க்கிறார். ஒரு கருவியின் வர்க்கத் தன்மையை இப்படித்தான் அளக்க வேண்டும்.

தங்க வயலில் இதற்கான களம் தயாராகவே இருக்கிறது. சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட கழிவு மண், மக்கள் 'சயனைடு மலை' என்று அழைக்கும் குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு லைன் வீடுகளுக்குள் வந்து படிகிறது. 13 குன்றுகளை, ஏறத்தாழ 1,003 ஏக்கரில், மீண்டும் தோண்டித் தங்கம் பிரித்தெடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. எந்திரம் இறங்கினால் தூசு பெருகும். பின்னால் நோய் வந்தால், அது முன்பே இருந்தது என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். ஆகவே முதல் மண்வெட்டி விழுமுன், குன்றுகளைச் சுற்றி வாழும் ஒவ்வொருவரின் நெஞ்சையும் அரசு செலவில் படமெடுக்க வேண்டும். படத்தின் பிரதியும் மருத்துவரின் கையொப்பமிட்ட முடிவும், தமிழிலும் கன்னடத்திலும், உரியவர் கையில் தரப்பட வேண்டும். ஆதாரோ ஆபாவோ இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஊரின் மொத்தக் கணக்கைப் பெயர் நீக்கி வார்டுக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். பழைய நிறுவன மருத்துவமனையின் பதிவேடுகளும் மார்புப் படங்களும் எங்கெங்கு மிஞ்சியிருந்தாலும், அவற்றை அந்தத் தொழிலாளர்களிடமோ அவர்களின் பிள்ளைகளிடமோ ஒப்படைக்க வேண்டும். ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் கிளைகள் இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாத முதியவர்கள் அந்த மனுவில் தாங்களே விரும்பிக் கட்டைவிரலைப் பதிப்பார்கள்.